ரெட்டைச் சடைக்காரி அனுப்பிய ரிக்வெஸ்ட்

பூட்டுக்காரருக்கு அன்று வந்த கோபத்தைப் பூட்டி வைக்க அவர் கடையிலேயே பூட்டு இல்லை. கடைக்கு வந்த ஒருவர், தன் பையன் முன்பின் தெரியாத ஆளைப் போனில் நண்பனாகச் சேர்த்துக்கொண்டு வீட்டு விவரமெல்லாம் கொட்டிவிட்டதைச் சொல்லி அழாத குறை. அவ்வளவுதான். ஷட்டரை இழுத்து விட்டு நேரே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க அவ?"

ஒன்பதாவது படிக்கும் மகள் சோபாவில் உட்கார்ந்து வாலிபாலுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாத ஆளு ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினா என்ன பண்ணுவே?"

"அக்செப்ட் பண்ண மாட்டேன்ப்பா."

"எல்லாப் பிள்ளைங்களும் இப்படித்தான் சொல்லும்! தெரியாத ஒரே ஒருத்தரைச் சேத்தேன்னு தெரிஞ்சுது, போனைப் பிடுங்கி பீரோல வெச்சுப் பூட்டிடுவேன். டீமும் கிடையாது, பந்தும் கிடையாது!"

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வருஷம்தான் அவளை டீமுக்குக் கேப்டன் ஆக்கியிருந்தார்கள். பயிற்சி எப்போது, எங்கே என்பதெல்லாம் அந்தப் போனில்தான் வரும்.

"அதான் சொல்றாளே, நம்புங்களேன்" என்றாள் மனைவி. அவளுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. பகலெல்லாம் வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்கள், வீட்டுக்கு வந்தால் வாயை மூடத் தெரியாத ஒருத்தர்.

"நம்பறதா? ஆளாளுக்கு நம்பிக்கிட்டே இருந்தா நான் பூட்டு வித்து எப்படிச் சோறு திங்கறது?"

சாப்பிட்டதும் படுக்கையறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். மகளைக் கையும் களவுமாகப் பிடிக்கத் திட்டம் தயார். ரெட்டைச் சடை என்ற பெயரில் பதினாலு வயசுப் பெண்ணாகப் போனில் ஒரு பொய்க் கணக்கு. என்ன ஒன்று, அவருக்கு வாய்விட்டுச் சொல்லாமல் டைப் அடிக்க வராது.

"ரெ... ட்டை... ச் ச... டை... வயசு... ப... தி... னா... லு..."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. பூட்டுக்காரர் கவனிக்கவில்லை. மகளுக்கு ரிக்வெஸ்ட் தட்டிவிட்டுத் திருப்தியாகப் படுத்தார்.

மறுநாள் பள்ளிக்கும் பல் டாக்டருக்கும் விடுமுறை. கடையில் சாவி அறுத்துக்கொண்டிருந்தவரின் போன் டிங் என்றது. பார்த்தால், மகளே ரெட்டைச் சடைக்கு ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறாள்! அவள் பெயர், யூனிபார்மில் அவள் படம்.

"அடிப்பாவி! நான் அனுப்பினது பத்தலைன்னு இவளே வேற அனுப்பறாளா!" ஒரே தட்டில் அக்செப்ட் பண்ணினார்.

எந்த ஸ்கூல் என்று கேட்டார். பெயர் வந்தது. எப்போது வீட்டுக்கு வருவாய் என்றார்.

"நாலரை பஸ். அம்மா வர ஆறாகும். அதுவரைக்கும் தனியாத்தான் இருப்பேன்."

வீட்டுச் சாவி எங்கே இருக்கும் என்று கேட்டார்.

"வாசல்ல, அப்பாவோட பழைய பூட்ஸுக்குள்ள."

ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுகிறவர் போட்ட கூச்சலில், எதிரே நின்ற வாடிக்கையாளர் பாதி அறுத்த சாவியோடு படியிறங்கிவிட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார். "கொண்டா போனை! ரெட்டைச் சடைகிட்ட என்னடி உளறினே?"

"அதுவா? நேத்தே வந்துதுப்பா. யாருன்னு தெரியல. அம்மாகிட்ட காட்டிட்டு பிளாக் பண்ணிட்டேன்."

"பொய்! இந்தா பாரு, உன் பேரு, உன் படம்!"

மகள் எட்டிப் பார்த்தாள். "இது நான் இல்லப்பா."

அவர் கையிலிருந்த போன் மறுபடி டிங் என்றது. மகள் பெயரில் ஒரு செய்தி: "நான்தாங்க."

நிமிர்ந்தார். மனைவி தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"நீங்க எழுத்துக்கூட்டினது தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. அதான் அவ பேர்ல நானும் ஒரு கணக்கு திறந்தேன். அவ யூனிபார்ம் போட்டோ எனக்கு எங்க கிடைச்சுது தெரியுமா? போன்ல உங்க பேஜ்ல. ஸ்கூல் பேரு? உங்க பேஜ்ல. 'நாலரை பஸ்ஸில் தனியாக வரும் என் வீரமங்கை'ன்னு எழுதினது யாரு? அதுக்கு லைக் போட்டவங்கள்ல பாதிப் பேரை யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

"எல்லாம் நம்ம ஃபிரெண்ட்ஸ்தான்..."

"இந்தப் புலிப் படம் வெச்சவரு யாரு?"

"புலியா? நல்ல மனுஷன். தினமும் குட்மார்னிங் சொல்வார்."

"பேரு?"

பூட்டுக்காரர் வேறு வழியில் தப்பப் பார்த்தார். "பூட்ஸை நான் எழுதலையே!"

"புலி கேக்கலை. கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பீங்க. பெத்த பொண்ணை ஊருக்கே காட்டி வெச்சுட்டு, அவமேல பாயறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" இப்படி ஒரு கோபத்தை அவர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

மகள் பந்தை எடுத்துக்கொண்டாள். "கேட்டிருந்தா நானே போனைக் காட்டியிருப்பேன். பொய்ப் பேர்ல வந்தீங்களேப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து களையெடுத்தார். மகளின் படங்கள் போயின. ரோஜாப்பூ முகங்களும் கறுப்புக் கண்ணாடிகளும் போயின. புலியை நீக்கும்போது மட்டும் கொஞ்சம் கை தயங்கியது. கடைசியில் ரெட்டைச் சடையையும் ஒழித்துவிட்டு, சொந்தப் பெயரில், சொந்த மூஞ்சியோடு மகளுக்கு ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, மீசை வெச்ச ஒருத்தர் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்காரு. தெரிஞ்சவரா?"

"பாத்த முகமாத்தான் இருக்கு. எதுக்கும் நல்லா விசாரிக்காம அக்செப்ட் பண்ணிடாதேடி."