தெருவுக்கு விலக்கு

தெருவுக்கு விளக்குக் கேட்டு மனுப் போட்டேன். குப்பை வண்டி நின்றுபோயிற்று.

நடந்ததைச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் தெரு முனையில் ஒரு சாக்கடை. மூடி கிடையாது. பொழுது சாய்ந்தால் கண்ணுக்கும் தெரியாது. கோயிலுக்குப் போய்வந்த என் வீட்டுக்காரி அதில் காலை விட்டாள். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

"அடுத்தால இடுப்பு ஒடியட்டும்னு காத்துக் கெடக்கியளா? முனிசிபாலிட்டியில போய் ஒரு விளக்குக் கேளுங்க" என்றாள்.

போனேன். ஆபீசு வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க தெருவுக்கு விளக்கு வேணும். எழுதும்வே" என்றேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் நாக்குத் தடிப்பு. நான் சொல்கிற ளகரம் லகரமாகத்தான் வெளியே விழும். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவனுக்கு ளகரம் வராதா என்பார்கள். எனக்கு வராது. ஆனால் என் காதுக்கு மட்டும் சரியாகவே கேட்கும்.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டட்டுமா அண்ணாச்சி?"

"கதை கேக்கவா வந்திருக்கேன்? கொண்டாரும்வே!"

கையெழுத்துப் போட்டேன். கொடுத்தேன். வந்தேன்.

பத்து நாள் கழித்துத் தெருவில் தமுக்குச் சத்தம். அடிக்கிறவன் வாய் நிறைய வெற்றிலை.

"சகல ஜனங்களுக்கும் அறிவிக்கிறது என்னன்னா... மனுப்படி இந்தத் தெருவுக்கு..." என்று தொடங்கி, எச்சிலோடு ஏதோ ‘லக்கு’ என்று முடித்தான்.

எனக்கு வேண்டியபடி கேட்டுக்கொண்டேன். வீடு வீடாகப் போய், "வேறெவனும் போடல. நான் ஒருத்தன் போட்ட மனு!" என்றேன். நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் குப்பை வண்டி தெரு முனையோடு திரும்பிற்று.

"ஏலே, உள்ள வாலே!"

வண்டிக்காரன் மாட்டை நிறுத்தவில்லை. "உங்க தெருவுக்குத்தான் விலக்கு ஆயிட்டே ஐயா!"

அவனுக்கு லகரம் சுத்தமாக வந்தது.

ஒரு வாரத்தில் தெருக் குப்பை முழுவதும் என் வாசலுக்கு வந்து சேர்ந்தது. எதிர்வீட்டு வாத்தியார் எச்சில் இலைக் கட்டைத் தம் கையாலேயே சுமந்துவந்து போட்டார்.

"என்னவே இது?"

"நீரு ஒருத்தர்தானே மனுப் போட்டீரு? நீரே அனுபவியும்!"

வீட்டுக்காரி வீங்கின காலைக் கட்டிலில் நீட்டி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மறுபடியும் ஆபீசு. கிளார்க்கு மனுவை எடுத்துக் காட்டினான். ‘எங்கள் தெருவுக்கு விலக்கு வேண்டும்.’ கீழே என் கையெழுத்து, அழகாக.

"விலக்குன்னா எதுலருந்துன்னு கேக்க மாட்டீரா?"

"கேக்கணுமா என்ன? உங்க தெருவுக்கு நாங்க செய்யுத வேலை ஒண்ணே ஒண்ணு, குப்பை அள்ளுதது. அதுலருந்துதான விலக்க முடியும்?"

நியாயம்தான். ஆத்திரம் வந்தது.

"எனக்கு விலக்கு வேண்டாம்வே! விலக்குத்தான் வேணும்!"

கிளார்க்கு பேனாவைக் கீழே வைத்தான். "வேணுமா, வேண்டாமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கையைக் கம்பம்போல் உயர்த்தி, விரலைச் சுடர்போல் ஆட்டிக் காட்டினேன்.

"தெருவுல பாம்பா?" என்றான்.

எனக்குப் பின்னால் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். பிள்ளை பிறந்ததைப் பதிய வந்தவள். குழந்தை வீறிட்டது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"லாந்தர்னு சொல்லித் தொலையுங்களேன் பாட்டையா!"

லாந்தர். அதில் ளகரமே இல்லை. அறுபத்தெட்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். தோன்றவில்லை.

"லாந்தர்!" என்றேன்.

"அட, தெரு லாந்தரா!" கிளார்க்கு ‘விலக்கு’ என்பதை அடித்து, மேலே ‘லாந்தர்’ என்று எழுதினான். அவ்வளவுதான் வேலை. அப்புறம் அவளைக் கூப்பிட்டு, தாயார் பேர் கேட்டான். "மாடத்தி" என்றாள்.

மறுநாளே வண்டி வந்தது. மாதக் கடைசியில் சாக்கடை ஓரம் கம்பம் நட்டு லாந்தர் ஏற்றினார்கள். வாத்தியார் வந்து மறுபடி கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்காரி நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்லையே! யாரைப் பிடிச்சு முடிச்சீய? சேர்மனையா?"

"மாடத்தியை" என்றேன்.