பச்சை என்றால் வேலை

புரட்சி செய்தவர்கள் எல்லாம் சிவப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் பச்சையைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேதான் சறுக்கினேனோ என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சிதம்பரத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து, அக்கம்பக்கத்து அரிசி ஆலைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதித் தருகிறேன். கம்ப்யூட்டர் கூடத்தில் இருக்கிறது. அடுக்களை வாசலில் நின்றால் திரை தெரியும். எழுத்து தெரியாது, நிறம் தெரியும். என் மனைவி அமராவதிக்கு அது போதும். திரை வெள்ளையாக இருந்தால் நான் வேலை செய்கிறேன். பச்சையாக இருந்தால் சீட்டாடுகிறேன். கம்ப்யூட்டரோடு சும்மா வரும் அந்தச் சீட்டாட்டத்துக்குப் பச்சை விரிப்பு போட்டவன் யாரோ, அவன் நிச்சயம் பிரம்மச்சாரி.

பச்சை தெரிந்ததும் குரல் வரும்.

"என்னங்க, சும்மாதான இருக்கீங்க? இந்தத் தேங்காயத் துருவுங்க."

சொந்த வீட்டில் ஒரு மனிதன் நிறத்தால் ஆளப்படலாமா? இதைப் பற்றி ஆழமாக யோசித்திருக்கிறேன். பெரும்பாலும் தேங்காய் துருவும்போது.

இந்த நிலையில்தான் 2007 ஆவணியில் ஆபத்து வந்தது. அடுத்த ஞாயிறு கடலூர் பக்கம் திருவந்திபுரத்தில் என் மச்சான், அமராவதியின் அண்ணன் ராஜமாணிக்கத்தின் பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். மச்சான் நல்லவர். ஆனால் வருகிறவர்களிடம் எல்லாம், "நம்ம மச்சான், கம்ப்யூட்டர் ரிப்பேரு" என்று என்னை அறிமுகம் செய்வார். போன விசேஷத்தில் என் இலையில் சோறு விழுவதற்கு முன்பே செல்போன்கள் விழுந்தன. ஒருவர் மிக்சியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஞாயிறு எனக்கு வேண்டும். வேலை என்றால் அமராவதி விட்டுவிடுவாள். ஆனால் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்ய நான் என்ன பைத்தியமா? சீட்டாட வேண்டும். அது வேலையாகத் தெரிய வேண்டும்.

வழி இருந்தது. புரோகிராம் எழுதும் எடிட்டரில் பின்னணிக்கும் எழுத்துக்கும் நாமே நிறம் வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தீம் என்று பெயர். என் தீமையும் பச்சையாக்கிவிட்டால்?

"அமராவதி, கண்ணு எரியுது. தீம் மாத்தப் போறேன்."

"தீமிதியா? யாரு, நீங்களா?"

"தீம்! மினிமலிஸ்ட் தீம்."

"மினி மளிகை லிஸ்ட்டா? போன மாசமே ஜாஸ்தியாப் போச்சின்னு சொன்னேன்ல."

"ஐயோ! மினிமலிஸ்ட்னா எல்லாம் கொறைவா இருக்கணும். ஏழெட்டு கலர் கண்ணக் குத்தக் கூடாது. பின்னால ஒண்ணு, எழுத்துக்கு ஒண்ணு. அவ்ளோதான்."

"கொறைவா இருந்தா நல்லதா?"

"ரொம்ப நல்லது."

"அப்ப நாளையிலேர்ந்து ஒங்களுக்கு ரெண்டு இட்லி."

எடுத்த எடுப்பில் பச்சைக்குப் போனால் சந்தேகம் வரும். அதனால் மற்ற நிறங்களையும் வரிசையாகக் காட்டினேன். அமராவதி பக்கத்தில் நாற்காலி போட்டு, ஜவுளிக்கடையில் உட்கார்வதுபோல் உட்கார்ந்துகொண்டாள்.

கறுப்பு. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வேணாம்."

சாம்பல் பின்னணி, சாம்பல் எழுத்து. "எலிக்கலரு. எழுத்து எங்க ஓடிப்போச்சி?"

வெளிர்மஞ்சள். "ஆறிப்போன பாலாட்டம் இருக்கு. அடுத்தது எடுங்க."

மெதுவாகப் பச்சைகளை அவிழ்த்தேன்.

"கிளிப்பச்ச. கண்ணப் பறிக்கிது. இது பாசிப்பச்ச, வெள்ளாத்துப் படித்தொற மாதிரி வழுக்குது. இது…" திரைப்பக்கம் குனிந்தாள். "இதான் சரி. பாத்துப் பழகுன பச்ச. எழுத்த மட்டும் லேசா மங்குன வெள்ளையில வைங்க, படிக்க எதமா இருக்கும்."

என் சதியில் எதிரியே கையெழுத்துப் போட்டாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் சொன்னபடி வைத்தபோது எழுத்து உண்மையிலேயே இதமாக இருந்தது. இரண்டு நாள் என்னையறியாமல் நிஜமாகவே வேலை செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

"இனிமே பச்சன்னா வேல. ஞாபகம் வச்சிக்க."

"அப்ப வெள்ளன்னா?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. "வெள்ளன்னா… வெள்ளன்னா கம்ப்யூட்டருக்கு ஒடம்பு சரியில்ல."

ஞாயிறு காலை. அமராவதி அரக்குப் பட்டில் நின்றாள். நான் பச்சையில் மூழ்கியிருந்தேன்.

"கெளம்பலியா?"

"எப்படிக் கெளம்புறது? புவனகிரி மில்லுக்கு நாளைக்கே குடுக்கணும். பாரு, பச்ச."

அடுக்களை வாசலிலேயே நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். காப்பியோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்துவிட்டாள். ஆட்டத்தை மூட நேரமில்லை. மூடினால் குற்றம் உறுதியாகிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இதுல இந்த ராசா யாரு?"

"அது மெயின் புரோகிராம்."

"ராணி?"

"டேட்டாபேஸ். எதையும் மறக்காது."

"பக்கத்துல மீசையில்லாம முழிக்கிறானே, இவன்?"

"அது… யூசர்."

"பாவம். செவப்பு, கறுப்புன்னு இருக்கே, அது?"

"செவப்புன்னா தப்பு, கறுப்புன்னா சரி."

"எவ்ளோ கஷ்டமான வேல!" காப்பியை மேசைமேல் வைத்தாள். "நீங்க இருந்து முடிங்க. நான் மட்டும் போயிட்டு வர்றேன். அண்ணன் கேட்டா சொல்லிக்கிறேன்."

ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகுமா என்று எனக்கே பயமாக இருந்தது. மனசுக்குள் கைதட்டல் கேட்டது. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டேன். அவள் வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டினாள். திரும்பித் திரையைப் பார்த்தாள். மறுபடி உள்ளே வந்தாள்.

"என்னங்க, ரொம்ப நேரமா அங்கயே நிக்கிறீங்க, பாக்கவே முடியல. அந்தக் கறுப்பு ஒம்போதத் தூக்கிச் செவப்பு பத்து மேல வைங்க. அடியில இருக்கறது தெறந்துக்கும். தெனம் மத்தியானம் நான் அப்படித்தான் முடிக்கிறேன். முடிச்சிட்டுச் சட்டைய மாத்துங்க, கடலூர் பஸ்ஸு வந்துரும்."

வைத்தேன். ஆட்டம் முடிந்தது.