தாளவீதி கண்ட பெருந்தகை

கொசுவையும் கரப்பானையும் போல எந்த நகரத்திலும் வஞ்சனையில்லாமல் பெருகி வருகிற இனம் ஒன்று உண்டு. பிறர் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துவரும் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்து, மூட்டை முடிச்சைப் பிரிப்பதற்கு முன்பே அந்தத் தெருவுக்கு வேறு பெயர் வைத்துவிடுகிற இனம் அது. குழந்தையைப் பார்க்க வந்தவர், பெற்றவள் வாயைத் திறப்பதற்குள் தாமே ஒரு பெயரைச் சூட்டிவிட்டுக் காபிக்கு உட்கார்வதில்லையா? அந்த வகை.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. தெருவில் நாமெல்லாம் குழியைப் பார்த்து நடப்போம். இவர்கள் சுவரைப் பார்த்து நடப்பார்கள். காரை பெயர்ந்த சுவர் நமக்குச் செலவு, இவர்களுக்குச் சிலிர்ப்பு. துருப்பிடித்த கீலைத் தடவி, "எவ்வளவு உண்மையா இருக்கு பாருங்க!" என்பார்கள். உண்மைதான். வீட்டுக்காரரின் விரல் அதில் நசுங்கியதும் உண்மைதான்.

நாம் இங்கே பார்க்கப்போகும் பெருந்தகைக்குத் தகரச் சந்தில் 'பேர்வச்சவர்' என்று பெயர். தகரத்தை வெட்டி, மடக்கி, தட்டி, வாளியும் புனலும் பெட்டியுமாகச் செய்து தள்ளுகிற சந்து அது. சந்து முனையில் எழும்பிய புதுக் கட்டடத்தில் அவர் வீடு வாங்கினார். விடிந்ததும் எழுந்த டங்டங் ஓசையைக் கேட்டார், கண்ணை மூடினார், 'தாளவீதி' என்றார். மறுவாரமே பலகை மாட்டிவிட்டார்.

"தாளவீதியா? அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள் தகரக்கடை அக்கா. புருஷன் போனபின் சுத்தியலைத் தானே எடுத்துக்கொண்டவள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு.

"நீங்க நிக்கிறதே அதுலதான்க்கா."

"நான் தகரச் சந்துலதான் நிக்கிறேன். நீங்க எங்க நிக்கிறீங்களோ, அது எனக்குத் தெரியல."

இந்தச் சத்தம்தான் இந்த இடத்தின் உயிர் என்று வருவோர் போவோரிடமெல்லாம் அவர் தழுதழுப்பார். தழுதழுத்துவிட்டு வீட்டுக்குப் போய், ஒலி புகாத இரட்டைக் கண்ணாடி ஜன்னலைச் சாத்திக்கொள்வார். உயிர் வெளியே இருந்தால் போதாதா?

"தானா வளரணும்" என்பது அவருடைய மந்திரம். ஊர் என்பது மரம். அதை யாரும் இழுத்து வளர்க்கக்கூடாது. தானாகத் தளிர்க்க வேண்டும். கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் தானாக வளர வேண்டும் என்று சொல்பவர் கையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருப்பதை நீங்கள் கவனித்ததுண்டா? டீக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலி அவர் கண்ணை உறுத்தியது, போயிற்று. மழைக்குக் கட்டிய நீலப் படுதா இடத்துக்குப் பொருந்தவில்லை, அவிழ்ந்தது. எல்லாம் தானாகத்தான் வளர்ந்தது, அவர் விட்ட இடத்தில்.

அவருடைய தலைசிறந்த தொண்டு ஷட்டர் ஓவியங்கள். ஒவ்வொரு கடையின் ஷட்டரிலும் அந்தந்தக் கடைத் தொழிலை ஆளுயரத்துக்கு மேல் வரையச் செய்தார். அக்கா கடை ஷட்டரில் அக்காவே சுத்தியலை ஓங்கி நின்றாள்.

"மூக்கு என்னோடது இல்ல" என்றாள் அக்கா.

ஓவியத்தில் ஒரே ஒரு குறை. கடை திறந்தால் அது சுருண்டு மேலே போய்விடும். ஆகையால் அவர் தம் நண்பர்களை விடுமுறை நாளிலேயே அழைத்துவருவார். தொழிலாளர் தெருவைத் தொழிலாளர் இல்லாதபோது பார்த்து, "என்ன ஒரு உயிர்த்துடிப்பு!" என்று அவர்கள் வியந்து போவார்கள்.

இந்த நிலையில்தான் மாநகராட்சி விழித்துக்கொண்டது. தகரச் சந்து முழுவதையும் இடித்துவிட்டு அடுக்குமாடி வணிக வளாகம் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பேர்வச்சவர் பொங்கினார். பொய் சொல்லக்கூடாது, மனதாரத்தான் பொங்கினார். அலுவலகப் படி ஏறி இறங்கி, வாதாடி, கடைசியில் ஒரு வாக்குறுதியும் வாங்கிவிட்டார்: பொறியாளர் அம்மா நேரில் வருவார், தொழில் நடக்கிற சந்து என்று கண்டால் விட்டுவிடுவார்கள், தொழில் செத்த சந்து என்றால் இடிப்பு.

பிழைத்தோம் என்று சந்து மூச்சு விட்டது. சற்று முந்தி விட்டுவிட்டது.

"நாளைக்கு அவங்க வர்றப்போ எல்லாரும் ஷட்டரை இறக்கி வச்சிருங்க" என்றார் அவர்.

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். "வேலை நடக்குதான்னுதானே பாக்க வர்றாங்க? கடையச் சாத்தச் சொல்றீங்களே சார்?"

"அக்கா, வேலை எல்லா ஊர்லயும்தான் நடக்குது. இந்த ஓவியம் எந்த ஊர்ல இருக்கு? இதப் பாத்துட்டா இடிக்க மனசு வருமா?"

"செத்தவங்களைத்தான் படமா மாட்டுவாங்க. எங்களை உயிரோடயே மாட்டிட்டீங்க."

"விடு புள்ள" என்றார் அவளுடைய மாமனார். "அந்தம்மாவ வரவழைச்சதே சாருதான். அவரு சொல்றபடியே போவோம்." படித்தவர், அலுவலக பாஷை அறிந்தவர் என்ற மரியாதை இருக்கிறதே, அது எத்தனை கூரையைப் பிரித்திருக்கிறது!

சந்து ஷட்டரை இறக்கியது. அவர் ஓவியங்களுக்குப் பளபளப்பாக வார்னிஷ் அடித்தார். படத்துக்குக் குறுக்கே நிற்காமலிருக்க, ஆட்களை அடுத்த தெரு டீக்கடைக்கு அனுப்பினார்.

பொறியாளர் அம்மா குடையோடு வந்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். ஒரு டங் இல்லை.

"தொழில் நடக்குதுன்னு சொன்னீங்களே?"

"அதைத்தான் பாத்துட்டிருக்கீங்க மேடம்!" என்று ஷட்டர்களுக்கு முன்னால் கையை விரித்தார் அவர்.

"இது படம்."

"படமில்ல மேடம். இந்த இடத்தோட ஆன்மா."

"ஆன்மாவை எங்க ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்க. ஆள் எங்கே?"

"இன்னிக்கு லீவு விட்டிருக்கோம்."

"வேலை நாள்லயா?"

அதற்குள் யார் சொன்னார்களோ, அக்கா சுத்தியலும் கையுமாக ஓடி வந்துவிட்டாள். குனிந்து ஷட்டரைத் தூக்கினாள். அது அசையவில்லை. வார்னிஷ் காய்ந்து, தகட்டோடு தகடு ஒட்டிப் போயிருந்தது. அவள் தயங்கவில்லை, சுத்தியலை ஓங்கினாள்.

"அக்கா! அக்கா! ஓவியம்!" என்று அலறியபடி பேர்வச்சவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓங்கிய சுத்தியலோடு ஷட்டரில் ஓர் அக்கா. ஓங்கிய சுத்தியலோடு வெளியே ஓர் அக்கா. இருவரில் எவளை அடிபடாமல் காத்தார் என்பதைப் பொறியாளர் அம்மா நன்றாகவே பார்த்தார். "சரிங்க, பாத்தாச்சு" என்று குடையை மடக்கிக்கொண்டு வண்டியேறினார்.

சந்து இடிந்தது. வளாகம் எழுந்தது. அதன் நெற்றியில் மாநகராட்சி பொறித்த பெயர் என்ன என்கிறீர்கள்? 'தாளவீதி.' ஷட்டர்களைக் கீறல் படாமல் கழற்றி வரவேற்பு மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். அக்கா பத்திரமாக இருக்கிறாள், சுவரில்.

நிஜமான அக்காவையும் மற்றவர்களையும் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பேர்வச்சவருக்குத் தூக்கமே போய்விட்டது. "அநியாயம்! கேக்காம கொள்ளாம என் பேரைத் திருடிட்டாங்க!" என்று கண்டவரிடமெல்லாம் புலம்பினார். பிறகு, பழைய தோழமையை விடக்கூடாதென்று, ஒருநாள் பஸ் மாறிக் கொட்டகைக்குப் போனார். டங்டங் ஓசை வெட்டவெளியில் எதிரொலித்தது. அவர் கண்ணை மூடினார்.

"அக்கா, இந்த இடத்துக்கு ஒரு பேர் வைக்கணும்."

"வச்சாச்சு சார்" என்றாள் அக்கா, தகரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்படியா! என்ன பேரு?"

"உங்ககிட்ட சொல்றதில்லன்னு முடிவு."

வாசகரே, இவ்வளவு நேரம் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்தக் கொட்டகைப் பக்கம் கூட்டம் வருவதற்கு முன்னால், நாம் மட்டும் ஒரு நடை போய், நாலு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாமே என்று ஒரு கணம் தோன்றியதா, இல்லையா? எந்த பஸ் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்வதாக இல்லை.