அன்னப்பட்சியின் மூக்கும் மாமனாரோடு போரும்

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கம்ப்யூட்டர்ல ஒரு அன்னப்பட்சி வரைஞ்சு பிரிண்ட் எடுக்கணும்.

என் மாமனார் ஏகாம்பரம் பெரிய காஞ்சிபுரத்துல பட்டுப்புடவைக் கடை வெச்சிருக்கார். தலைதீபாவளிக்கு என்ன வேணும்னு கேட்டப்போ, ஊர்ல இருக்கிற மாப்பிள்ளைங்க மோதிரம் கேட்பாங்க, ஸ்கூட்டர் கேட்பாங்க. நான் கம்ப்யூட்டர் கேட்டேன். "இனிமே புடவைக் கரை டிசைனெல்லாம் இதுலதான் மாமா, கிராஃப் பேப்பர் காலம் முடிஞ்சிடுச்சி"ன்னு அளந்து விட்டேன். பாவம், நம்பிட்டார்.

அடுத்த தீபாவளியும் நெருங்கிடுச்சி. ஒரு கரை கூட வரல. நடுவுல என் சகலை பாஸ்கர், அதான் மாமனாரோட பெரிய மருமகன், "அங்க சும்மாதான தூசி புடிச்சிக் கெடக்குது, எங்க வீட்டுக்குக் குடுங்களேன்"னு அவர் காதுல ஊதிட்டார்.

சனிக்கிழமை மாமனார் போன் பண்ணார்.

"மாப்ள, மாகறல் ஊர்லேர்ந்து பார்ட்டி ஒண்ணு நாளைக்கு சாயங்காலம் கடைக்கு வருது. அன்னப்பட்சி கரை வேணுமாம். மத்தியானம் நானே வந்து பேப்பரை வாங்கிக்கிறேன். அது இல்லன்னா மிஷினை பாஸ்கர் வீட்டுக்கு ஏத்திடறேன். யாருக்காவது ஒபயோகம் ஆவட்டும்."

அதனால ஞாயித்துக்கிழமை காலையிலயே குளிச்சு, சாமி கும்பிட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டேன். முதல்ல அன்னப்பட்சிக்கு மூக்கு வரைஞ்சேன். நல்லாவே வந்துச்சி. இவ்ளோ நல்ல மூக்கு வரைஞ்சவனுக்கு கொஞ்சம் ரெஸ்ட் வேணாமா? ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்துடலாம்னு அந்தப் பாழாப்போன ராஜா கேமைத் திறந்தேன்.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். ஒரு முறை நாம காய் நகர்த்தணும், அடுத்த முறை எதிரி ராஜாக்கள் நகர்த்துவாங்க. எதிரி எல்லாமே கம்ப்யூட்டர்தான். நடுநடுவுல தூது வரும், சமாதானம் வரும், கப்பம் கேட்டு மிரட்டல் வரும். ராஜாக்களுக்கு என்ன பேர் வேணும்னாலும் வெச்சிக்கலாம். என் புத்தி எங்க போவும்? சொந்தக்காரங்க பேரா வெச்சிருந்தேன். ஒருத்தன் ஏகாம்பரம். ஒருத்தன் பாஸ்கர். இன்னொருத்தன் தணிகாசலம். இவர் மாமனாரோட பங்காளி. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சுவர் யாருதுன்னு ரெண்டு பேரும் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு நடக்கிறாங்க.

இந்த கம்ப்யூட்டர் ராஜாக்களை மாதிரி வெக்கங்கெட்ட ஜென்மங்களை நான் எங்கயும் பார்த்ததில்ல. நீயே என் உயிர் நண்பன்னு ஒப்பந்தம் போடுவான். அடுத்த முறையே குதிரைப்படையோட உன் ஊர் வாசல்ல நிப்பான். ஏன்டான்னு கேட்டா பதில் வராது. தோக்கிற மாதிரி இருந்தா கால்ல விழுவான். இவனுங்களை எப்படிப் பேசி வழிக்குக் கொண்டாறதுன்னு மாசக்கணக்கா யோசிச்சவன் நான். அந்த மூளையில பாதியைக் கரை வரையறதுக்குக் குடுத்திருந்தா மாகறலுக்கே புடவை கட்டிவிட்டிருக்கலாம்.

அன்னிக்கும் அதே கதை. சமாதானம் பேசி மை காயல, ஏகாம்பரம் என் ஊர் ஒண்ணைப் புடிச்சிட்டான். எனக்கு வந்துச்சி பாருங்க கோவம்.

என் பொண்டாட்டி கோமதி காபி கொண்டாந்து வெச்சா. "ஆச்சாங்க?"

"மூக்கு வந்துடுச்சி."

"மூக்கு மட்டுமா?"

"மூக்குதான் கஷ்டம். ஒடம்பு தானா வந்துடும்."

அவ சமையலுக்குப் போயிட்டா. நான் போருக்குப் போயிட்டேன். கோட்டையை வளைச்சேன், யானைப்படையை எறக்கினேன். மணி போனதே தெரியல. ஏகாம்பரத்தோட படை சிதறினதும் சந்தோஷத்துல கத்திட்டேன்.

"டேய் ஏகாம்பரம், கையெழுத்து போட்டுட்டு முதுகுலயா குத்தற? இன்னிக்கு உன்னை விட்டா நான் மனுஷனே இல்லடா!"

பின்னாடி யாரோ கனைச்சாங்க.

திரும்பிப் பார்த்தேன். மாமனார் கையில வாழைப்பழ சீப்போட நின்னுக்கினு இருந்தார்.

நான் பட்டுனு மானிட்டரை அணைச்சேன். அவர் சீப்பைக் கீழ வெச்சிட்டு, அமைதியா வந்து அதே பட்டனை அமுக்கினார். வாங்கிக் குடுத்தவராச்சே, பட்டன் எங்க இருக்குதுன்னு தெரியாதா?

திரையில பெரிய எழுத்துல இங்கிலீஷ்ல செய்தி. ஏகாம்பரம் உங்களிடம் கெஞ்சி சமாதானம் கேட்கிறார். சேல்ஸ் டாக்ஸ் நோட்டீஸையே படிச்சிப் பழகின மனுஷன், சுலபமா படிச்சிட்டார்.

"நானா?"

"மாமா, அது வந்து..."

"நான் கெஞ்சறேனா? உங்ககிட்டயா?"

"அது கம்ப்யூட்டரா பண்ணிக்கிறது மாமா. நான் ஒண்ணும் பண்ணல."

தொலைஞ்சோம்னு நினைச்சேன். ஆனா அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, மாமனார் மாப்ள சண்டை ஊர்ல இல்லாததா. அப்புறம் என்ன ஆவுது?"

சமாதானத்தை ஒத்துக்கினு அடுத்த முறைக்குப் போனேன். அங்கதான் இடி விழுந்துச்சி. ஏகாம்பரமும் தணிகாசலமும் கூட்டணி அமைத்துள்ளனர்.

மாமனார் எழுந்துட்டார். "யாரு? அந்த செவுத்துக்காரனா? அவன் வூட்டுக் கல்யாணத்துக்கே நான் போவல. அவன்கூட எனக்கு இன்னா கூட்டு?"

"கம்ப்யூட்டரா பண்ணிக்கிறது மாமா."

"முறிக்கச் சொல்லுங்க."

"அவங்கவங்க கூட்டணியை அவங்கவங்கதான் முறிக்கணும் மாமா. வேணும்னா லஞ்சம் குடுத்துப் பார்க்கலாம். தணிகாசலத்து மேல சண்டைக்குப் போடான்னு ஏகாம்பரத்துக்கு ஏதாவது குடுக்கணும்."

"குடுங்க. கொறைச்சலா குடுத்தா நான் ஒத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன். மூணு ஊராவது வேணும்."

நான் ஒரு ஊரும், அந்த ஆட்டத்துலயே ரொம்ப மலிவான சட்டி பானை செய்யற வித்தையும் தர்றதா சொல்லிப் பார்த்தேன். ஏகாம்பரம் உடனே ஒத்துக்கினான்.

மாமனார் மூஞ்சி செவந்துடுச்சி. "சட்டி பானைக்கா? சட்டி பானை கத்துக்குடுத்தா நான் சண்டைக்குப் போயிடுவேனா? என்னைப் பத்தி இன்னாதான் நெனச்சிக்கினு இருக்குது இந்த மிஷினு?"

அதோட போச்சா? ஏகாம்பரம் ஊரை வாங்கிக்கினான், வித்தையை வாங்கிக்கினான், அடுத்த முறை தணிகாசலத்துகிட்டயே திரும்பப் போய் சேர்ந்துக்கினான்.

"மானங்கெட்டவன்"னு மாமனார் பல்லைக் கடிச்சார். அவரையே அவர் திட்டிக்கினதை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்.

கோமதி சமையல்கட்டுலேர்ந்து எட்டிப் பார்த்தா. "அப்பா, இலை போட்டுட்டேன். யாரைத் திட்டறீங்க?"

"என்னைத்தாம்மா"ன்னார். அப்பதான் வந்த வேலை ஞாபகம் வந்துச்சி போல. என் பக்கம் திரும்பினார். "அன்னப்பட்சி எங்க?"

மூக்கைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கினு பார்த்தார். அப்பவும் மூக்குதான் இருந்துச்சி.

சாப்பிட்டு முடிச்ச கையோட ட்ரைசைக்கிள் வந்துடுச்சி. மானிட்டர், பெட்டி, கீபோர்டு எல்லாத்தையும் ஏத்தினாங்க. என் நெஞ்சையே பிடுங்கி ஏத்தின மாதிரி இருந்துச்சி. கேக்காம இருக்க முடியல. "பாஸ்கர் வீட்டுக்கா மாமா?"

"இல்ல, கடைக்கு. என் கண்ணெதிர்லயே இருந்தாத்தான் வேலை நடக்கும்."

அந்த வாரம் முழுக்க கோமதி என்கிட்ட பேசல. எங்கப்பா பேரை டா போட்டு கத்தினீங்களேன்னு ஒரே முறைப்பு. என் கணக்குல போரும் போச்சு, கூட்டணியும் போச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை, சும்மா பார்க்க வந்த மாதிரி கடைக்குப் போனேன். முன்னாடி கல்யாணப் பார்ட்டி ஒண்ணு ஜமக்காளத்துல உட்கார்ந்து யாராவது புடவை காட்டுவாங்களான்னு காத்துக்கினு இருந்துச்சி. உள்ள மாமனார் மூக்குக் கண்ணாடியோட திரைக்கிட்ட குனிஞ்சிருந்தார். பழைய ஆட்டத்தை அழிச்சிட்டு புதுசா ஆரம்பிச்சிருந்தார். ராஜா அவர். எதிரிங்கள்ல ஒருத்தன் தணிகாசலம், ஒருத்தன் பாஸ்கர். ஒருத்தன் சம்பத்.

சம்பத் நான்தான்.

நான் பார்த்துக்கினு இருக்கும்போதே செய்தி வந்துச்சி. சம்பத், பாஸ்கருக்குக் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார்.

மாமனார் என் மேல படையெடுத்திருந்தா கூட தாங்கியிருப்பேன். "மாமா, பாஸ்கருக்குப் போய் நான் ஏன் மாமா கப்பம் கட்டணும்?"

அவர் திரும்பக்கூட இல்ல.

"அது கம்ப்யூட்டரா பண்ணிக்கிறது மாப்ள."

அன்னப்பட்சிக்கு இன்னி வரைக்கும் ஒடம்பு வரல.