வேரோனிக்கா போன செத்தவீடுகள்

வேரோனிக்கா இந்த மாதம் சாகடித்த மூன்றாவது ஆளுக்கு அம்மா பூங்கொத்தே வாங்கிவிட்டாள்.

"நானும் வாறன். இவ்வளவு சாவு நடக்குது, ஒருக்காவெண்டாலும் முகம் காட்ட வேணும்," என்றாள். தாயும் மகளும் பேசியது பிலிப்பைன்ஸ் மொழியான தகலோக்கில்தான். நாம் நம்முடைய தமிழில் கேட்போம்.

பிலிப்பைன்ஸ்காரருக்கு ஒரு நம்பிக்கை. செத்தவீட்டுக்குப் போனால் நேரே வீட்டுக்கு வரக்கூடாது. ஆவி பின்னால் வந்துவிடுமாம். வேறெங்காவது தங்கி, அதை உதறிவிட்டுத்தான் வரவேண்டும். அப்பா காலமான பிறகு, தேவாலயத்து ஆட்களில் யார் செத்தாலும் அம்மா விடாமல் போவாள். உதறி முடித்து வீடு வரச் சாமமாகிவிடும். அதைப் பார்த்துத்தான் வேரோனிக்காவுக்கு யோசனை பிடிபட்டது. வாயால் ஓர் ஆளைச் சாகடித்தால், தமிழ்க் காதலன் துஷாந்தோடு ஓர் இரவு.

அவளுக்கு வயது இருபத்தாறு. பெண்கள் கிளினிக்கில் நேர்ஸ். உன் உடம்பு, உன் முடிவு என்று வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்லுகிறவள். துஷாந்தும் அவள் தானே எடுத்த முடிவுதான், அதில் அவளுக்குத் துளி வருத்தமில்லை. ஆனால் கலியாணத்துக்கு முன் ஆம்பிளையின் மூச்சுக்கூடப் படக்கூடாது என்று செபமாலையைத் தூக்கிக் காட்டும் அம்மாவுக்கு முன்னால் மட்டும் வாய் திறக்காது. இன்றைக்கு வேறு அவனுடைய பிறந்தநாள். காலையிலிருந்தே நெஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது.

அம்மாவை மறிக்க, செத்தவர் தமிழர், சைவ சமயத்தவர் என்று சொல்லிப் பார்த்தாள். அம்மா சிவப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளை உடுத்தாள். அஜக்ஸில், சரியான தூரம் என்றாள் மகள். அம்மா கார்ச் சாவியை எடுத்து நீட்டினாள்.

குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு துஷாந்துக்கு அழைத்தாள்.

"உங்கட ஆக்களில ஆரும் செத்திருக்கினமோ? அஜக்ஸில?"

"பொறு, பாக்கிறன்." மரண அறிவித்தல்களைத் துழாவினான். "இராசரத்தினம் எண்டு ஒருத்தர். ஆறு மணிக்குப் பார்வைக்கு வைக்கினம். ஓடு."

மண்டபத்தில் அம்மா சொந்தக்காரரைவிடக் கூடுதலாக அழுதாள். முதியோர் இல்லத்தில் தங்கள் அப்பாவைப் பராமரித்தவளாக்கும் என்று எண்ணி, இராசரத்தினத்தின் மகள்மார் அவளைக் கட்டிப்பிடித்து முன்வரிசையில் இருத்திவிட்டார்கள். தேவாரம் ஒன்று முடிய இன்னொன்று தொடங்கியது. துஷாந்தின் குறுஞ்செய்திகள் கைப்பையை அதிரவைத்துக்கொண்டே இருந்தன.

ஒருவழியாக வெளியே வந்தபோது வேரோனிக்காவுக்குப் புது மூளை வேலை செய்தது. அம்மாவை எங்காவது கோப்பியோடு இருத்திவிட்டு, கிளினிக்கில் அவசரம் என்று பறந்துவிடலாம். 401 நெடுஞ்சாலையில் அடித்துக்கொண்டு வந்து, ரெக்ஸ்டேலில் வீட்டுக்குக் கிட்டவிருந்த டோனட் கடை வாசலில் காரை நிறுத்தினாள்.

"இது வேண்டாம், வேற கடைக்குப் போவம்," என்றாள் அம்மா. இங்கே கோப்பி கசக்குமாம். மழை தூறுகிறது, ஆவி பின்சீற்றில் காத்திருக்கிறது, இந்த நேரத்தில் ருசி பார்க்கிறாளே என்று மகளுக்கு எரிச்சல் வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

கவுண்டரில் நின்ற சாம்பவி என்ற பெண் அம்மாவைக் கண்டதும் முகம் நிறையச் சிரித்தாள்.

"வாங்கோ அன்ரி, இந்தக் கிழமை ஆர் செத்தது? உங்களைக் கூட்டிக்கொண்டு போற அங்கிள் இன்னும் வரேல்லை."