விக்டோரியாவுக்கு மூச்சடைப்பு

கோளாறைக் கண்டுபிடிக்கும்வரை ஷேவ் செய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். நாலு நாளில் காக்ஸ் டவுன் தெருநாய்களுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா இந்த டெஸ்மண்ட்?

கோளாறு விக்டோரியாவுக்கு. அப்பா விட்டுப்போன ஐம்பத்தெட்டாம் வருடத்து மோரிஸ் கார். என் வீட்டில் நான் சொன்னபடி கேட்கிற ஒரே ஜீவன். அதுவும் திடீரென்று மாறிவிட்டது. கொஞ்ச தூரம் ஓடும். பிறகு பெட்ரோல் வராமல் விக்கி விக்கி நடுரோட்டில் நின்றுவிடும்.

எல்லாம் என் மனைவி யூனிஸ் கண் பட்டதால்தான். முந்தின நாள்தான் புத்தம்புது டிரைவிங் லைசென்ஸை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இனிமே நானும் ஓட்டுவேன்."

"லைசென்ஸ் இருந்தா ஆச்சா? வண்டியோட நோய் தெரிஞ்சவங்கதான் ஸ்டியரிங்கைத் தொடணும்."

"நோயைக் கண்டுபிடிச்சா தொடலாமா?"

"தாராளமா."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா!"

மறுநாளே விக்டோரியா படுத்துவிட்டாள்.

விடுவேனா? பம்பைப் பிரித்தேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது. கார்புரேட்டரைக் கழுவி இட்லித் தட்டில் காயவைத்தேன். டியூபில் வாய் வைத்து உறிஞ்சினேன்; அன்றைக்குக் குடித்த காபியெல்லாம் பெட்ரோலாக மணத்தது. டாங்க் மூடியைத் திறந்து, ஸ்கேலை விட்டு அளந்தபடியே இன்ஜினை ஓடவிட்டால், வாசலில் அரை மணி நேரம் ஜம்மென்று ஓடும். மூடியை இறுக்கி ரோட்டில் இறங்கினால் பக்கத்திலிருக்கும் ஜீவனஹள்ளியைக்கூடத் தாண்டாது.

எதிர்வீட்டு கோவிந்தப்பா தினமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு பாதி கன்னடத்தில் விசாரிப்பார்.

"ஏனு சார், மத்தே நின்னு போச்சா? தள்ளட்டுமா?"

யூனிஸ் கேட்பாள்: "நான் வேணா பார்க்கட்டுமா?"

"நீ அடுப்புல பருப்பைப் பாரு!"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சினி குழந்தைக்கு ஞானஸ்நானம். நாங்கள்தான் ஞானப் பெற்றோர். பூசை தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. ரயில்வே கேட்டருகே விக்டோரியா விக்கினாள். நின்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் பானெட்டைத் திறக்க ஓடினேன். யூனிஸ் பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு பின்பக்கம் போனாள். டாங்க் மூடியைத் திருகினாள். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. புடவை மடிப்பில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி மூடியில் குத்தினாள். என்னவென்று பார்க்க ஓடிவந்து நீட்டிய என் கையில் ஏதோ ஒரு துணுக்கு விழுந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

உடனே கிளம்பியது!

"எப்படி யூனிஸ்?"

"மூடியில சின்ன ஓட்டை இருக்குங்க. அது வழியா காத்து உள்ளே போனாத்தான் பெட்ரோல் வெளியே வரும். அது அடைச்சிருந்துச்சு. நீங்க மூடியைத் திறந்து வச்சே டெஸ்ட் பண்ணினா எப்படித் தெரியும்? சரி, தள்ளி உட்காருங்க."

மாதா சத்தியம். தள்ளி உட்கார்ந்தேன். பாவி, என்னைவிட நன்றாக ஓட்டினாள்.

கையிலிருந்த துணுக்கைப் பார்த்தேன். தூசியில்லை. மெழுகு. ரோஜா நிற மெழுகு. கரண்ட் போனால் எங்கள் வீட்டில் ஏற்றும் மெழுகுவர்த்தியும் ரோஜா நிறம்தான்.

"யூனிஸ்... மூடிக்குள்ள மெழுகு எப்படிப் போச்சு?"

அவள் நிதானமாக கியரை மாற்றினாள்.

"நோயைக் கண்டுபிடிக்கணும்னுதானே சொன்னீங்க? வரவழைக்கக் கூடாதுன்னு சொல்லலையே! கோயிலுக்கு எதிர்லயே சலூன் இருக்கு. கோளாறுதான் கண்டுபிடிச்சாச்சே, போய் ஷேவ் பண்ணிட்டு வாங்க."