பலகையில் வந்த தாய்மாமன்

கூச்சப்படுகிறவனிடம் யாரும் யோசனை கேட்கக் கூடாது. கேட்டவர் அதை அப்போதே மறந்துவிடுவார். கூச்சப்படுகிறவன் அதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டு அன்று ராத்திரி தூங்கமாட்டான்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக்கடையில் எடை போடுகிறேன். எடையைத் தராசே காட்டிவிடுவதால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. (அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.)

என் அக்கா விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறாள். மில்லில் வேலை பார்த்த அத்தான் காலமாகிவிட்டார். ஒரே மகன் சங்கர் ஆஸ்திரியாவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். வேலை மாறுகிற இடைவெளியில், தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு, கல்யாணம் பேசி முடிப்பதற்காக ஊருக்கு வந்தான். நானும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கொண்டுவந்த மூட்டைகளில் ஒன்று கிட்டத்தட்ட என் உயரம் இருந்தது. பிரித்தால் ஒரு நீளப் பலகை.

"இஸ்திரி போடுத பலகையாலே?" என்றாள் அக்கா.

"பனியில நின்னுக்கிட்டே சறுக்குறதும்மா."

"சறுக்கி விழாம இருக்கத்தான் ஊரே பாடுபடுது. நீ அதுக்குன்னு பலகை வேற வச்சிருக்கியாக்கும்!"

பலகையோடு கல் மாதிரி கெட்டியான ஒரு ஜோடி பிளாஸ்டிக் பூட்ஸும், பூட்ஸைப் பலகையோடு பூட்டுவதற்கு இரண்டு ஜோடி உலோகத் தட்டுகளும் இருந்தன. அந்தத் தட்டுகளை அவன் பைண்டிங் என்றான். ஒரு ஜோடியில் கால்விரல் பக்கம் கொண்டி இருந்தது. கையால் தூக்கினால் திறக்கும். இன்னொரு ஜோடியில் குதிகாலை வைத்து மிதித்தாலே பூட்டிக்கொள்ளும். அதிலிருந்து விடுபட, பூட்ஸின் பின்னாலிருந்து வருகிற கயிற்றை இழுக்க வேண்டும்.

"மாமா, ஒண்ணை வித்துறலாம்னு இருக்கேன். எதை வச்சுக்கலாம், பாத்துச் சொல்லுங்க. திருகாணியையும் கொஞ்சம் தொடச்சு வச்சிருங்க. எண்ணெய் மட்டும் போட்டுறாதீங்க, லூஸாயிரும். ஒரு சொட்டு இந்த நீலப் பசை போதும்" என்று ஒரு குப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாமா சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று மரியாதைக்குக் கேட்டிருக்கிறான். எனக்கு அது தெரியவில்லை. என்னிடம் இதுவரை யாரும் எதையும் பார்த்துச் சொல்லச் சொன்னதில்லை. என் கல்யாணத்துக்கே பெண்ணைப் பார்த்துச் சொன்னது அக்காதான்.

உலோகத்தைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. தட்டிப் பார்ப்பது. கொண்டி வைத்ததைச் சுண்டினேன், 'டக்' என்றது. மிதித்தால் பூட்டுவதைச் சுண்டினேன். 'ணங்' என்று கோயில் மணி மாதிரிக் கேட்டது. கையில் தூக்கினால் கனமும் கூட. முடிவு செய்துவிட்டேன். (பைண்டிங்கில் என்ன தண்ணீரா பிடிக்கப் போகிறோம் என்று என் மனைவி பிற்பாடு கேட்டாள்.)

தேர்ந்தெடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். அதைப் பலகையில் மாட்டியே காட்டுவோம் என்று தோன்றியது. திருகாணிகளைத் துடைத்து முறுக்கினேன். அந்த நீலப் பசை பார்க்கத் தண்ணியாக இருந்தது. எங்கள் கடையில், கைப்பிடி ஆடுகிற பாத்திரத்துக்கு இரண்டு டியூப்பைக் கலந்து ஒரு பசை போடுவோம். பாத்திரம் போனாலும் கைப்பிடி போகாது. தெருமுனைக் கடையில் அது கிடைத்தது. ஒவ்வொரு திருகாணிக்கும் தாராளமாகவே போட்டேன்.

மறுநாள் காலை கல்லிடைக்குறிச்சியிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. பெண் உமாவுக்குச் சென்னையில் வேலை, லீவு இல்லை. அப்பா, அம்மா, சித்தப்பா மட்டும் வருகிறார்கள். சங்கருக்கு உமாவை ரொம்பப் பிடித்திருந்தது. போனில் அவள் பெயரைச் சொல்லும்போதே அவன் காது சிவந்தது.

இதற்கு முன்னால் ஒரு வீட்டார் வந்துவிட்டு, "வீட்டுப் பெரிய ஆம்பள ஒரு வாங்கன்னு கூடச் சொல்லல" என்று தட்டிக் கழித்திருந்தார்கள். அந்தப் பெரிய ஆம்பளை நான்தான். வாசலில்தான் நின்றேன். சொல்லவும் சொன்னேன். சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

அதனால் அக்கா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏலே, ஒனக்கு ஒரே வேலதான். வாசல்ல நின்னு, அவிய காதுல விழுத மாதிரி 'வாங்க' சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுவேங்க்கா."

"இதே எனக்குக் கேக்கல, பாத்துக்க."

அவள் வாசலைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிட்டு அடுக்களைக்குப் போனாள். சங்கர் பூ வாங்கப் போயிருந்தான். கூடத்தில் நான் மட்டும். பலகை சுவரில் சாய்ந்திருந்தது. மிதித்துப் பார்க்காமல் எப்படி நல்லது என்று சொல்வது? பாத்திரத்தைக்கூட ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தானே கொடுக்கிறோம்?

பூட்ஸை மாட்டிக்கொண்டேன். வேட்டியோடுதான். பலகையைத் தரையில் போட்டு மிதித்தேன். 'க்ளிக்.' அடுத்த காலையும் மிதித்தேன். 'க்ளிக்.' என்ன ஒரு திருத்தமான சத்தம்! என் தேர்வை நானே மெச்சிக்கொண்டு, கழற்றுவதற்காகக் கயிற்றை இழுத்தேன். கயிறு கையோடு வந்துவிட்டது. புத்தி உள்ளவன் இங்கே நிதானித்திருப்பான். நான் அடுத்த கயிற்றை இன்னும் பலமாக இழுத்தேன். அதுவும் வந்துவிட்டது.

தெருவில் வேன் ஹாரன் கேட்டது.

"வந்துட்டாவ! ஏலே, வாசலுக்குப் போ!" என்று அடுக்களையிலிருந்து அக்கா கத்தினாள்.

போனேன். இரண்டு காலும் ஒரே பலகையில் இருந்ததால் பக்கவாட்டில் தவளை மாதிரித் தத்தித் தத்திப் போனேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் கும்பிட வேண்டுமே! கையை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் பைக் ஏற்றுவதற்கு எல்லா வீட்டு வாசலிலும் சிமெண்டில் ஒரு சரிவு போட்டிருப்பார்கள். அக்கா வீட்டுச் சரிவில் அன்று சோப்புத் தண்ணீர் காயவில்லை. பலகையின் அடியில் சங்கர் ஏற்கெனவே மெழுகு பூசி வைத்திருந்தான். கூப்பிய கையோடு, வேட்டி பறக்க, நான் தெருவில் இறங்கினேன். வேனிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்திருந்த பெண்ணின் அப்பா, அந்தக் காலை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். பலகை வேன் சக்கரத்தில் முட்டி நின்றது. நான் அவர் மடியில் போய் விழுந்தேன்.

"வாங்க!" என்றேன். பாபநாசம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"வந்துட்டோம், அண்ணாச்சி. பைய எந்திரிங்க" என்றார் அவர்.

எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் அவரும் சித்தப்பாவும் டிரைவருமாக என்னைப் பலகையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். விருந்தாளிகளை அழைத்துப்போக வேண்டியவன், விருந்தாளிகள் தோளில் சப்பரம் மாதிரி ஆடிக்கொண்டு போனேன். காப்பித் தட்டோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னலே இது கோலம்?"

என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெட்கத்தில் வேட்டியை இழுத்துப் பூட்ஸை மூடிக்கொண்டேன். அதற்குள் சங்கர் பூவோடு வந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"கயித்த இழுங்க மாமா."

இரண்டு கயிற்றையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"இது ஏற்கெனவே நைஞ்சு போனது. அதான் இதை வித்துறலாமான்னு பாத்தேன்" என்றவன், திருப்புளியை எடுத்து வந்து திருகாணியைத் திருகினான். அசையவில்லை.

"எவ்வளவு பசை போட்டீங்க?"

"மிச்சம் வைக்காண்டாம்னு..." என்றேன்.

சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு மோட்டார் ரிப்பேர் தெரியுமாம். திருப்புளி வழுக்கியது. சுத்தியலால் தட்டினார், 'ணங்' என்றது. (நல்ல உலோகம், நான் சொன்னேனே!) "ரம்பம் இருக்கா? இந்தத் தட்டையே அறுத்துருவோம்" என்றார். சங்கர் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எதை அறுத்தால் நல்லது என்று யோசிப்பது போலிருந்தது. பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா கண்ணில் தண்ணீர் நின்றது. இந்தச் சம்பந்தமும் என்னால் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அறுக்கிறபோது கால் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

பெண்ணின் அம்மா இதற்கிடையில், வீட்டைக் காட்டுவதற்காக மகளுக்கு வீடியோவில் போன் போட்டிருந்தார். போனைப் பிடித்துக்கொண்டு அடுக்களை, மாடி எல்லாம் காட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"அம்மா, அங்கன என்ன கூட்டம்? கிட்ட காட்டுங்க. யாரு அது?"

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பலகையில மாட்டிக்கிட்டாவ. இப்பம் அறுக்கப் போறாவ."

"அறுக்கப் போறாவளா? அந்த வேட்டிய ஒதுக்கச் சொல்லுங்க."

ஒதுக்கினேன்.

"ஏம்மா, அந்த மாமாவ பூட்ஸ்ல இருந்து காலை எடுக்கச் சொன்னா என்ன?"

சித்தப்பா சுத்தியலைப் பைய கீழே வைத்தார். சங்கர் குனிந்து பூட்ஸின் பக்கிள்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். காலை உருவினேன். வந்துவிட்டது.

முதலில் சிரித்தது பெண்ணின் அப்பா. நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "என் மடியில வந்து விழுந்து 'வாங்க'ன்னு சொன்ன சம்பந்தி இந்த ஜில்லாவுலயே கிடையாது. எனக்குச் சம்மதம்" என்றார். போனில் உமா, "இத்தன பேர் இருக்காவ, ஒருத்தருக்கும் தோணலியே. இந்த வீட்டுக்கு நான் வந்துதான் ஆகணும்" என்றாள். சங்கரின் காது சிவந்தது.

இரண்டு பேரும் இப்போது ஆஸ்திரியாவில் இருக்கிறார்கள். அந்தப் பலகையிலிருந்து பைண்டிங் இன்றுவரை கழன்றபாடில்லை; அக்கா வீட்டு மாடியில் அதன்மேல் வடகம் காய்கிறது. சங்கர் புதுப் பலகை வாங்கி, கொண்டி வைத்த ஜோடியை மாட்டிக்கொண்டான். யாராவது ஒரு சங்கடத்தில் சிக்கித் தலையைப் பிய்த்துக்கொண்டால், எங்கள் குடும்பத்தில் சொல்வது ஒன்றுதான்: "முதல்ல பூட்ஸ கழட்டு."

எனக்கும் ஒரு லாபம். 'வாங்க' சொல்வதில் இப்போது எனக்குக் கூச்சமே இல்லை. அதைவிடக் கேவலமாக ஒருமுறை சொல்ல முடியுமா? சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதுவானாலும் வாசலில் என்னைத்தான் நிறுத்துகிறார்கள். நிறுத்துவதற்கு முன்னால் அக்கா ஒருமுறை குனிந்து என் காலைப் பார்த்துக்கொள்கிறாள்.